மேசை மேல் ஏறிய டிரம்

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாயிற்று. வாயாடி என்று பெயர் வாங்கிய பெண்ணே வாய் திறப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அவள் அப்பா கார் ரேடியேட்டர் மெக்கானிக். அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அம்மா ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்தாள். குளிர்காலத் தண்ணீர் பட்டுப் பட்டு அவள் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. வெந்நீர் வைக்க கேஸுக்கு எங்கே போவது?

அப்பா மொட்டைமாடியில் ஒரு வேலை ஆரம்பித்தார். பழைய ரேடியேட்டருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெயில் படும்படி கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றினார். அதிலிருந்து இரண்டு குழாய்கள் கீழே தரையிலிருந்த தண்ணீர் டிரம்முக்கு இறங்கின. டிரம்முக்குள் செம்புக் குழாய்ச் சுருள். மகளிடம் விளக்கினார்:

"ரேடியேட்டர்ல இருக்கிறது துருத் தண்ணி. அது சுருளுக்குள்ளயே சுத்தும். டிரம்ல நல்ல தண்ணி. ரெண்டும் கலக்காது. சூடு மட்டும் இங்க வந்துடும்."

வரவில்லை. தினமும் மத்தியானம் அம்மாவுக்கு முன்னால் வாயாடி ஓடிப்போய் டிரம்மில் கை விட்டுப் பார்ப்பாள். ஜில்லென்று இருக்கும்.

"நாளைக்குச் சூடாயிடும்மா" என்று பொய் சொல்வாள்.

கடைசியில் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் தொட்டது எது துலங்கிச்சு? பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுடுறேன்."

 அவர் பக்கத்தில் உட்காரப் போன வாயாடி, பெட்டியின் மேல்குழாயைப் பிடித்துவிட்டாள்.

"ஐயோ, சுடுது!"

"எங்க?"

"மேல! கீழதான் ஜில்லுன்னு இருக்கு. ஏம்ப்பா, சூட்டுக்குக் கீழ இறங்கத் தெரியாதா? குளிக்கிற வாளியிலகூட மேல் தண்ணிதானே சுடும்?"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "காருல தண்ணிய பம்பு தள்ளும். இங்க பம்பு ஏது? சூடு தானாத்தானே ஏறணும்! இத்தனை வருஷம் பம்பையே நம்பியிருந்த மண்டைக்கு இது உறைக்கலையே! பெட்டி கீழ இருக்கணும், டிரம் மேல இருக்கணும். ஆனா ஏத்தி வைக்க வீட்டுல என்ன இருக்கு?"

"என் மேசை இருக்கே."

"அப்புறம் நீ எதுல எழுதுவ?"

"தரை எங்கயும் ஓடிப்போகாதுப்பா."

மறுநாள் மத்தியானம், மேசை மேல் ஏறியிருந்த டிரம்மிலிருந்து அம்மா பிடித்த வாளியில் விரலை விட்டாள். வெடுக்கென்று எடுத்தாள். பிறகு இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.  கண்ணீர் வழிந்தது.

"அப்பா எங்கடி?"

"மாடிப்படியில ஒளிஞ்சிருக்காரு. சுடலைன்னா அப்படியே ஓடிடலாம்னு!"

"கூப்பிடு அவர. அவர் கையும் ஜில்லிட்டுத்தான் கிடக்கும்."

அப்பா தயங்கித் தயங்கி வந்து வாளியில் கை விட்டார். வாயாடியும் விட்டாள். பட்டறை இன்னும் மூடித்தான் கிடந்தது. அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீர் ஆறும்வரை மூன்று பேரும் கையை எடுக்கவே இல்லை.