எப்போதும் அனுமதி

லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் பூக்கடைகளுக்கு மேலே இருந்தது வசந்தகுமாரியின் துப்பறியும் அலுவலகம். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். ஏறி வருகிறவர்கள் முதலில் தண்ணீர் கேட்பார்கள், பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அன்று காலை வந்த நிரஞ்சனாவோ நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“மேடம், அவன் வந்துட்டான். இவ ஒளிஞ்சிருந்த இடத்துக்கே வந்துட்டான்.”

அவளுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். பெயர் சுதா. கணவன் திலீப்பின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள். அவளைப் போன்ற பெண்களுக்கு அடைக்கலம் தரும் சின்னச் சங்கம் ஒன்றை நிரஞ்சனா நடத்திவந்தாள். திலீப் சுதாவை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற ஆணையே இருந்தது. அப்படியும் நேற்று மாலை உட்லண்ட்ஸில், சுதா தங்கியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்து நின்றிருக்கிறான்.

“நேரா வீட்டுக் கதவைத் தட்டினானா?” என்று கேட்டார் வசந்தகுமாரி. காவல்துறையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்; குரலை உயர்த்தி அவரை யாரும் பார்த்ததில்லை.

“இல்ல மேடம்,” என்றாள் சுதா. “கீழ்த்தளத்து வாய்ட் டெக்ல இருந்த ஒரு மலாய் ஆண்ட்டிகிட்ட என் போட்டோவைக் காட்டி, எந்த மாடின்னு கேட்டிருக்கான். அவங்க தெரியாதுன்னு சொல்லிட்டு, மேல வந்து என்னை எச்சரிச்சாங்க.”

“மாடி தெரியல,” என்று வசந்தகுமாரி மெல்லத் திருப்பிச் சொன்னார்.

“அக்கா, இது ஏதோ ஆப்போட வேலைதான் லா! பந்தயம் கட்டறேன்,” என்றார் ஜலாலுதீன். டாக்சி ஓட்டுவதை விட்டுவிட்டு வசந்தகுமாரிக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். ஐம்பது வயதாகியும், எல்லோருக்கும் முன்னால் தானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் மட்டும் போகவில்லை.

இந்த முறை அவர் சொன்னது பாதி சரி. சங்கத்துக்கு ‘நிழல்’ என்று ஒரு செயலி உண்டு. ஆபத்து வந்தால் அதைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது மட்டும், அந்தப் பெண் தானே தேர்ந்தெடுத்த ‘துணை’களின் போனில் அவள் இருக்கும் இடம் ஒரு புள்ளியாகத் தெரியும். சுதா தேர்ந்தெடுத்த துணைகள் இருவர். ஒருவர் நிரஞ்சனா, மற்றவர் சுதாவின் தாய்மாமன் கோவிந்தசாமி.

“நேத்து அவன் வந்ததும் என் போன்ல ஆப்பைத் திறந்து பார்த்தேன் மேடம்,” என்றாள் நிரஞ்சனா. “இவ பொத்தானைத் தொடவே இல்ல, ஆனா புள்ளி பாட்டுக்கு நகருது. எங்களுக்காக வெங்கடேஷ்ங்கற தம்பி செஞ்ச ஆப்ல ஏதோ ஓட்டை. உடனே இவ போனை அணைச்சுட்டோம்.”

வசந்தகுமாரி சுதா பக்கம் திரும்பினார். “இடத்தைக் காட்டலாமான்னு போன் கேட்டப்ப நீ என்னம்மா அழுத்தினே?”

“‘ஆப் திறந்திருக்கும்போது மட்டும்’ங்கறதை. சத்தியமா மேடம்.”

“வீட்டு நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும், கார்ல கொண்டுபோய் விட்ட ரக்ஷனாவுக்கும்தான்,” என்றாள் நிரஞ்சனா. “ரக்ஷனா எங்க தொண்டர். சொந்தக்காரங்களுக்குச் சொல்றதே இல்ல, அது சங்கத்து விதி.”

“உன் போன் யார் யார் கைக்குப் போச்சு?”

சுதா யோசித்தாள். “வெங்கடேஷ் ஆப் போட்டுக் கொடுத்தாரு. ரக்ஷனா ஒரு போட்டோ எடுத்தா. போன வாரம் சங்கத்துக்கு வந்தப்ப மாமா தன் போன்ல சார்ஜ் இல்லன்னு வாங்கி, வெளிய போய்ப் பேசினாரு. அவ்வளவுதான்.” சற்று நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இன்னிக்குச் சாயங்காலம் வேற வீட்டுக்கு மாத்தறாங்களாம். அங்கயும் வந்தான்னா நான் அவன்கூடவே போயிடறேன் மேடம். என்னால இனிமே ஓட முடியாது.”

வசந்தகுமாரி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

“போனை இங்க ஆன் பண்ண வேணாம். ஜலால், காரை எடுங்க. கேலாங்குக்குப் போறோம்.”

கேலாங்கில் சிவன் கோயிலுக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே சுதா போனை ஆன் செய்தாள். பேட்டரி தீரப்போகிறது என்று மலாயில் ஒரு வரி எழுந்தது. வசந்தகுமாரி புருவத்தை உயர்த்தினார்.

“நான் ஜோகூர்ல மலாய் ஸ்கூல்ல படிச்சவ மேடம். பேசறது தமிழ், படிக்கறதுன்னா மலாய்தான் சட்டுனு வரும். அதான் போனையும் அப்படியே வச்சிருக்கேன்.”

பிறகு செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ‘நிழல்’ செயலிக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கண்டுபிடித்தாள். திரையை வசந்தகுமாரியிடம் காட்டினாள்.

“செப்பஞ்சாங் மாசான்னு இருக்கு. எல்லா நேரமும்னு அர்த்தம். நான் இந்தப் பக்கத்தையே இதுக்கு முன்னாடி பார்த்தது இல்ல மேடம்.”

“அதை மாத்தாத. போன் ஜலால்கிட்ட சார்ஜ்ல இருக்கட்டும். நாம டாக்சில திரும்பிடுவோம்.” காவல் நிலையத்துப் பழைய சகா ஒருவரை வசந்தகுமாரி போனில் பிடித்து இரண்டு நிமிடம் பேசினார். “நாம கேலாங் வந்தது வேற யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடியது இந்தப் போன் ஒண்ணுதான்.”

பிற்பகலில் லிட்டில் இந்தியாவில் இருந்த சங்கத்து அறையில் எல்லோரும் கூடினார்கள். சுதா உள்ளறையில் இருந்தாள், கதவு ஒருக்களித்திருந்தது. வெங்கடேஷ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வார நாளெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, விடுமுறையில் காசு வாங்காமல் செயலி செய்து கொடுத்தவன். இப்போது எல்லோருடைய பார்வையும் அவன் மேல்தான். ரக்ஷனா அழுது முடித்த முகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

கோவிந்தசாமி மட்டும் நிதானமாக இருந்தார். அறுபத்தைந்து வயது, நெற்றியில் சந்தனக் கீற்று. கோயில் வட்டாரத்தில் எந்தக் குடும்பத்தில் சண்டை வந்தாலும் பஞ்சாயத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வெங்கடேஷின் தோளில் கை வைத்தார்.

“தம்பியைத் திட்டாதீங்கம்மா. ஆப் போட்ட அன்னிக்கு நான் சுதா பக்கத்துலதான் இருந்தேன். இடத்தைக் காட்டலாமான்னு போன்ல கேள்வி வந்துச்சு. ‘எப்போதும் அனுமதி’ன்னு இருந்ததை அவளேதான் அழுத்தினா, என் கண்ணால பார்த்தேன். பாவம், தெரியாம செஞ்சுட்டா.”

வெங்கடேஷ் சட்டென்று நிமிர்ந்தான். வசந்தகுமாரி கையமர்த்தினார்.

“ஐயா, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

“தாராளமா. போனையே தமிழுக்கு மாத்தி வச்சிருக்கேன். நாம வைக்கலன்னா வேற யாரும்மா வைப்பாங்க?” பெருமையோடு நீட்டினார். திரை முழுக்கத் தமிழ் எழுத்து.

அப்போது வசந்தகுமாரியின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா!” ஜலாலுதீனுக்கு மூச்சு இரைத்தது. “போட்டோல இருக்கற அதே ஆளு! கோயில் பக்கம் வந்து, போனையும் கார்களையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே நம்ம வண்டிக்கிட்டயே வந்துட்டான். போலீஸ் பிடிச்சுட்டாங்க. நான்தான் முதல்ல பார்த்தேன் லா!”

கோவிந்தசாமியின் கை, நீட்டிய போனோடு அப்படியே நின்றது.

“இப்ப சொல்றேன்,” என்றார் வசந்தகுமாரி. “திலீப்புக்கு உட்லண்ட்ஸ்ல புளோக் தெரிஞ்சுது, மாடி தெரியல. நிரஞ்சனாவோ ரக்ஷனாவோ சொல்லியிருந்தா நேரா கதவைத் தட்டியிருப்பான். அவனுக்குச் சொன்னவருக்குத் தெரிஞ்சது மேப்புல ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளி மட்டும் கிடைக்கக்கூடியவங்க ரெண்டு பேர். செயலி செஞ்ச வெங்கடேஷ், துணையா இருந்த மாமா. வெங்கடேஷ், நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

“மேடம், அந்தக் கேள்வியில ‘எப்போதும்’னு ஒரு பதிலே வராது. திறந்திருக்கும்போது, இந்த ஒரு தடவை, வேண்டாம். இந்த மூணுதான் வரும். எப்போதும்னு வைக்கணும்னா, ஒருத்தர் போனைக் கையில எடுத்து செட்டிங்ஸ் உள்ள போய் மாத்தணும். அதை ஆப் தானா செய்ய முடியாது.”

“ஆக, ஐயா பார்த்ததா சொன்ன காட்சி நடக்கவே இல்ல. இன்னொண்ணு. சுதாவோட போன் மலாய்ல இருக்கு. அதுல ‘எப்போதும் அனுமதி’ங்கற தமிழ் எழுத்து வர வழியே இல்ல. அந்த வார்த்தை இருக்கறது உங்க போன்ல. முதல்ல அதுல வழியைக் கத்துக்கிட்டீங்க. போன வாரம் சார்ஜ் இல்லன்னு அவ போனை வாங்கி, அதே இடத்தை அதே மாதிரி தொட்டீங்க. பொய் சொல்றப்ப நீங்க பழகின வார்த்தைதான் வாயில வந்துச்சு.”

கோவிந்தசாமி உட்கார்ந்துவிட்டார்.

“அவன் என் வீட்டுக்கு வந்து அழுதாம்மா. நான் முன்ன நின்னு செஞ்சு வச்ச கல்யாணம். ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசினா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். தாய்மாமன், எனக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?”

உள்ளறைக் கதவு திறந்தது. சுதா மாமாவின் எதிரில் வந்து நின்றாள்.

“அவன் என் கையை உடைச்சப்ப நீங்கதானே மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க? உங்களை நம்பித்தானே துணைன்னு உங்க பேரைப் போட்டேன்? கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதமான்னு கேக்கல. இப்பவும் கேக்கல. என் போன்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டுச்சு மாமா.”

கோவிந்தசாமி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஜலாலுதீன் வெற்றிவீரர் மாதிரி உள்ளே வந்தார். அறையிலிருந்த முகங்களைப் பார்த்ததும் சத்தமில்லாமல் போனைச் சுதாவிடம் கொடுத்தார். அவள் யாருடைய உதவியும் கேட்கவில்லை. செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் பழைய அனுமதியைத் திரும்ப வைத்தாள். பிறகு ‘நிழல்’ செயலியைத் திறந்தாள். ஒரு பெயரை நீக்கட்டுமா என்று அது கேட்டது. சுதா ஒரு கணம்தான் தயங்கினாள்.

“ரக்ஷனா, புது வீட்டுக்குப் போலாமா?” என்று எழுந்தாள்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் கோவிந்தசாமியின் போன் மெல்ல ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். நீங்கள் இனி சுதாவின் துணை இல்லை என்று, நல்ல தமிழில் எழுதியிருந்தது.