விளக்கீட்டுக்கு முன் வீடு

ரயில் வராத நிலையத்தில் மழைக்கு ஒதுங்குவதில் ஒரு வசதி உண்டு. எங்கே பயணம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஐப்பசி மாதத்து மாலையொன்றில் அருந்ததி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுன்னாகம் ரயில் நிலையத்துக்குள் ஓடி வந்தாள். போரால் ரயில் நின்று இரண்டு வருடங்களாகிவிட்டன. தண்டவாளம் இருந்த இடத்தில் எருக்கலை வளர்ந்திருந்தது.

அவளுக்கு முன்பே அங்கே ஒருவன் நின்றான். தலையிலிருந்து ஒழுகிய நீர் அவனுடைய இமைகளில் தங்கி நின்றது. துடைக்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஒரு பார்வை... அவ்வளவுதான். நனையாத மூலையை அவளுக்கு விட்டுவிட்டுத் தூவானம் அடிக்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

அரை மணி நேரம் இருவரும் கதைக்கவில்லை. அந்த மௌனம் அருந்ததிக்கு உறுத்தவில்லை. பேசாமல் நிற்கத் தெரிந்த ஒருவரைக் கண்டு எத்தனை காலம்... மழை இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

"விட்டிட்டுது," என்றான் அவன். இழப்பைச் சொல்வது போல இருந்தது அந்தக் குரல்.

"ஓம்," என்றாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. வாங்குப் பலகையில் இருந்த பையை அவசரமாக எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோருடைய பையும் ஒன்றுதான்... நிவாரண மா வந்த சாக்கை வெட்டித் தைத்த வெள்ளைப் பை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைக் காணவில்லை. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு கட்டுத்தான் இருந்தது. நனைந்த தாள்களைப் பிரித்துப் பாயில் பரப்பினாள். பிறர் எழுத்தை வாசிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் முதல் தாள் கண்ணில் பட்டுவிட்டது.

'கிளாலி, படகு. கொழும்பு. விமானம். பெல்ஜியம். ஜேர்மனி. பிராக்.'

மீதியை வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது? இதே கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தானே எல்லோரும் போகிறார்கள். அவளுடைய அண்ணன் தேவராசா போய் ஏழு வருடங்கள். ஜேர்மனியில் இருக்கிறான். அவன் போன அதே வருடம் அப்பா இறந்தபோதுகூட வரமுடியவில்லை. வாசல் படலையடியில் நின்று அவன் கடைசியாகச் சொன்னது, "போட்டு வாறன்."

அன்றிலிருந்து அருந்ததி, போய்வருகிறேன் என்ற அந்தச் சொல்லை எவருக்கும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் போகும்போது அம்மாவுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள்.

மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். கொப்பி அட்டையில் பள்ளியின் பெயர் இருந்ததாம்.

"நான் பஞ்சலிங்கம். இணுவில். வெங்காயத் தோட்டம்," என்றவன் பையை நீட்டினான். "நனைஞ்சு போச்சுது ரீச்சர். ஒவ்வொரு தாளா ஸ்திரிக்கைப் பெட்டியாலை தேய்ச்சுக் காயவைச்சனான். மை கொஞ்சம் பரவிப் போச்சு... குறை நினையாதேங்கோ."

கொப்பிகள் மொறமொறவென்று இருந்தன. சிரட்டைக் கரியின் மணம் அடித்தது. கடதாசியே கிடைக்காத காலத்தில் பதினேழு கொப்பிகளைத் தாள் தாளாகக் காயவைத்திருக்கிறான். முதல் கொப்பியை மெல்லப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்டு சொல்லலாமோ?" அவன் கண்கள் மெல்லச் சிரித்தன. "நான் விரும்பும் மிருகம் எண்டு கட்டுரை குடுத்திருக்கிறியள். பதினேழு பேரும் பசுவைத்தான் எழுதியிருக்கினம். ஒரு ஆளாவது ஒரு நரியை விரும்பியிருக்கக்கூடாதே?"

"அதுகள் கண்டது பசுவைத்தானே. உங்களைப் போல உலகம் சுத்தப் போறவையே?"

அவன் சிரிப்பு நின்றது. "வாசிச்சனீங்களோ?"

"முதல் தாள் மட்டும். எப்ப பயணம்?"

"அது... மிருகக்காட்சிச்சாலையள் பாக்கிறதுக்கு."

"நல்லது. உந்தக் காரணத்தை இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. புதுசு."

"உண்மை ரீச்சர். பெல்ஜியத்திலை ஒகாபி, வரிக்கால் மிருகம். பெர்லினிலை பாண்டா. பிராக்கிலை மங்கோலியாக் குதிரை. அந்தக் குதிரை காட்டிலை ஒண்டுமில்லாமல் அழிஞ்சு போச்சு. கூட்டுக்குள்ளை இருந்ததுகள்தான் மிச்சம். இப்ப அதுகளைத் திரும்ப மங்கோலியாவுக்கே கொண்டு போகினமாம். சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி றேடியோவிலை கேட்டனான். கடைசிக் குதிரையும் ஊருக்குப் போக முன்னம் ஒருக்காப் பாக்கவேணும்..."

அவன் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். அது அவளைப் பயமுறுத்தியது. இந்த வெளிச்சத்தை நம்பிவிட்டால், பிறகு படலையடியில் நின்று எத்தனை வருடம் பார்ப்பது?

"என்ரை அண்ணையும் போட்டு வாறனெண்டுதான் சொன்னவர்," என்றாள். "ஏழு வருசம்."

பள்ளிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த தாள் கட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். பஞ்சலிங்கம் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அப்ப... போறன், ரீச்சர்."

போறன். ஒருவரும் சொல்லாத சொல். சாவீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள்; மற்றப்படி கடைக்குப் போகிறவன்கூடப் போட்டு வாறன் என்பான். இவன் வாறன் என்பதை விட்டுவிட்டான். அவளை நோகவைக்க அல்ல. அவள் நம்பாத சொல்லை அவள் முன்னால் சொல்லக்கூடாது என்றுதான். அது அவளுக்கு விளங்கியபோது அவனுடைய சைக்கிள் சந்தி திரும்பிவிட்டது.

இரண்டு கிழமைகள் போயின. ஒவ்வொரு மழைக்கும் அவள் மனம் ரயில் நிலையத்துக்கு ஓடியது. கால்கள் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் வீடு கூட்டும்போது அம்மா பாயைத் தூக்கி உதறினாள். மடிப்பில் சிக்கியிருந்த ஒரு தாள் விழுந்தது. அம்மா சிவக்கொழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தாள்.

"இருபத்தியிரண்டாம் நாள் கொழும்பு. இருபத்திநாலாம் நாள் கிளாலி. விளக்கீட்டுக்கு முன் வீடு. மார்கழியில் வெங்காய நடுகை. போகும் ஆட்கள்: ஒருவர்... உவன் ஆர், பிள்ளை?"

அருந்ததி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"பயணத்தின்ரை கடைசித் தாள் போலை. வீட்டை வாற நாளும் போட்டிருக்கு. அதுக்குக் கீழை ரெண்டு கோடு வேறை அடிச்சிருக்கிறான்." அம்மா தாளைத் தடவினாள். "வருசம் மட்டும் போடேல்லை. பாவம், அதை ஆர் போடலாம்... எங்கடை தேவராசா வாற நாளை எழுதி வைச்சிட்டுப் போகேல்லையே, பிள்ளை."

அருந்ததிக்குக் கண்கள் நிறைந்தன. கோபம் இல்லை, துக்கமும் இல்லை. வெங்காயம் நடவேண்டும் என்பதற்காகப் பாண்டாவையும் குதிரையையும் விட்டுவிட்டு ஓடிவரத் தீர்மானித்த ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான்... அதற்கு யாரிடம் நன்றி சொல்வது? மழையிடமா? மாச்சாக்கிடமா?

திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

சுன்னாகம் சந்தையில் அவன் வெங்காயப் பிடியொன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் உடனே குனிந்துகொண்டான். "ரீச்சருக்கு என்ன வேணும்?"

"உங்கடை தாளொண்டு எங்கடை வீட்டிலை நிண்டிட்டுது."

வாங்கினான். பார்த்தான். 'ஒருவர்' என்பதைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, மேலே 'இருவர்' என்று எழுதியிருந்தது.

"பிழை திருத்தியிருக்கிறியள்..."

"ஓம். கடைசித் தாள் வாசிக்காமல் நான் விட்டதும் பிழைதான்." அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொரு பிழையும் இருக்கு. கார்த்திகையிலை அங்கை குளிர். உங்கடை ஒகாபி வெளியிலை வராது."

"வைகாசியிலை போனால் தோட்டத்தை ஆர் பாக்கிறது?"

"அப்ப கண்ணாடிக்குள்ளாலை பாப்பம்."

பாப்பம். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. பஞ்சலிங்கத்தின் கையிலிருந்த வெங்காயப் பிடி அவிழ்ந்து உருண்டது. அவன் பொறுக்கவில்லை.

"ரீச்சர்... அண்டைக்கு மழை விட்டதே எனக்குப் பிடிக்கேல்லை. தோட்டக்காரன் அப்பிடி நினைக்கிறது சரியில்லை. அண்டைக்குத் தொடங்கி ஒவ்வொரு நாளும் உங்களைத்தான்... ஊரை விட்டுப் போகப் பாஸ் எப்ப கிடைக்குமோ, கடல் எப்ப திறக்குமோ தெரியாது. ஒரு குதிரையையும் காணாமலே கிழவனாகிறதெண்டாலும் உங்களோடை எண்டால் எனக்கு அதுவே போதும்."

அவளுக்கும் நிறையச் சொல்ல இருந்தது. உருண்ட வெங்காயங்களைப் பொறுக்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் காத்து நின்றான்... அன்று போலவே, அவசரப்படுத்தாமல்.

"அம்மா கேக்கச் சொன்னவ," என்றாள் கடைசியில். "விளக்கீட்டுக்கு எங்கடை படலையிலை வாழைக்குற்றி நட்டு விளக்கு வைக்க ஏழு வருசமா ஆளில்லை. நாளைக்கு வருவீங்களோ?"

"வருவன்."

சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி திரும்பினாள். ஏழு வருடம் வாய்க்குள் கிடந்த சொல் அது. புதிதாகப் படிக்கிற பிள்ளையைப் போல மெல்லச் சொன்னாள்.

"போட்டு வாறன்."

"வாங்கோ," என்றான் பஞ்சலிங்கம். "நான் இஞ்சைதான் நிப்பன்."