நான்காவது ஆப்பிள்

"அந்தத் தட்டை எடுத்து எங்கேயாவது வை, போடில். விபேகே பார்த்தா என்ன நினைப்பா?"

காபி ஆறுவதற்குள் அவள் கணவன் எகோன் இதை மறுபடியும் சொல்லிவிட்டான். அக்காள் விபேகே வருகிறாள் என்றால் இந்த வயதிலும் அவன் சின்னப் பையனாகிவிடுவான். போடில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மாமனார் தோர்வாலின் கட்டிலருகே இருந்த அலங்காரத் தட்டைத்தான் ஒளிக்கச் சொன்னான். தோட்டத்துக் களிமண்ணைப் பழைய தட்டில் அமுக்கி, வேலியில் ஒடித்த ஃபர் மரக் கிளைகளைச் செருகி, பாசி பரப்பி அவளே செய்தது. ஒரு குரோனர் காசு செலவில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் இப்படிப்பட்ட தட்டில் நாலு மெழுகுவத்தி நிற்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். இங்கே நின்றவை குச்சியில் செருகிய நாலு ஆப்பிள்கள். இலையுதிர் காலத்திலிருந்து கிழவருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். அந்த அறையில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அதனால் ஞாயிறுதோறும் ஓர் ஆப்பிளைத் துருவி அவருக்கு ஊட்டிவிடுவாள். இன்று நான்காம் ஞாயிறு, மிச்சம் ஒன்றுதான்.

இதையெல்லாம் அக்காளிடம் சொல்லச் சொல்லி எகோனிடம் எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறாள். போனில் அவன், "அப்பா நல்லா இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அக்காள் கலவரப்படக் கூடாதாம்!

ஓடென்ஸ நகரத்திலிருந்து வந்த விபேகே, தன் கோட்டைக் கழற்றி அப்பாவின் அறைக் கதவில் மாட்டினாள். நெருப்பு கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் அதன் பின்னால் மறைந்துபோனது. மூக்கில் குழாயோடு கிடந்த அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. பிறகு தட்டைப் பார்த்தாள்.

"மூணைத் தின்னுட்டு ஒண்ணை மட்டும் வெச்சிருக்கீங்களா? சாகக் கிடக்கிற மனுஷனுக்கு நாலு மெழுகுவத்தி வாங்க மனசு வரலையா உனக்கு?"

"விபேகே, அது எதுக்குன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ பார்த்துக்கிற லட்சணம்தான் தெரியுதே. புது வருஷத்துக்குள்ள அப்பாவை ஓடென்ஸவுல ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்."

எகோன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். போடில் துருவியை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். குளிப்பாட்டி, துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்ததற்குக் கிடைத்த பேர் கஞ்சப்பிசினாரி!

அப்போதுதான் தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது.

ஓடினாள். காலியாகிவிட்ட ஓர் ஆப்பிள் குழியில் தான் கொண்டுவந்த மெழுகுவத்தியை நட்டுவிட்டு, விபேகே குச்சியைக் கிழிக்கப் போனாள். போடில் ஓங்கி அடித்த அடியில் தீப்பெட்டி சுவரில் மோதிச் சிதறியது.

"எகோன்... உன் பொண்டாட்டி என்னைக் கை நீட்டி அடிச்சுட்டா..."

போடில் கதவிலிருந்த கோட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். "படி. நெருப்பு கூடாதுன்னு போட்டிருக்கு. அந்தக் குழாயில வர்றது ஆக்சிஜன். நீ கொளுத்தியிருந்தா உங்கப்பா கட்டிலோட எரிஞ்சிருப்பார்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீ அவளைவிட மோசம். அக்காகிட்ட நல்ல பேர் வாங்க, என்னைக் கெட்டவளா நிக்க வெச்சே."

கட்டிலிலிருந்து மூச்சு வாங்கிய குரல் வந்தது. "அந்த மூணையும் தின்னது நான்தாம்மா. ஞாயித்துக்கிழமை எப்போ வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன்..."

விபேகே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போடிலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போடில் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. கடைசி ஆப்பிளைக் குச்சியிலிருந்து உருவி, துருவியோடு அவள் மடியில் வைத்தாள்.

"அழுகையெல்லாம் அப்புறம். தோலைச் சீவிட்டுத் துருவு. விக்கும், மெதுவா ஊட்டு. கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் நீ இங்கேதான் இருக்கே."

எகோனிடம் உருளைக்கிழங்கை உரிக்கச் சொல்லிவிட்டு, தன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிவாசலுக்கு நடந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை வெளியே நடந்து வெகுகாலமாயிற்று. கோபம் துளியும் ஆறவில்லை. கதவைச் சாத்தும்போது மாமனாரின் குரல் மெல்லக் கேட்டது.

"முழுசையும் எனக்கே ஊட்டிடாதே. போடிலுக்கு ஒரு வாய் எடுத்து வை."

வாசற்படியிலேயே நின்று, முகத்தைப் பொத்திக்கொண்டு போடில் அழுதாள்.