எலுமிச்சைச் சுருள்

கோபிசெட்டிபாளையத்தில் ஃபிரேம் கடை வைத்திருக்கும் கதிரேசன், பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். சுற்றிலும் வாழைத் தோட்டம். நடுவில் உயரமான கூரை போட்ட பழைய வீடு. உள்ளே வெயில் நுழையவில்லை.

சாமி படங்களுக்கும் இறந்தவர் படங்களுக்கும் சட்டம் போடுவது அவர் தொழில். இடையிடையே கடைகளுக்குப் போர்டும் எழுதுவார். இங்கே ஓர் ஓவியத்தின் சட்டத்தைக் கரையான் தின்றிருக்கிறது, மாற்றித் தர வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா சுப்பாத்தாள் அழைத்திருந்தார்.

ஓவியம் கூடத்துச் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் எதிரே கட்டிலில் அவர் கணவர் கந்தப்பன் கிடந்தார். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து பேச்சில்லை. கண்கள் மட்டும் ஓவியத்தின் மேலேயே இருந்தன.

கதிரேசனும் பார்த்தார். இருட்டில் ஒரு மேசை. மேசை மேல் மண்டையோடு, திறந்து கிடக்கும் புத்தகம், பாதி உரித்த எலுமிச்சம்பழம். பழத்தின் தோல் சுருளாக விளிம்பில் தொங்கியது. நடுவில் ஒரு சாண் உயரத்தில் அணைந்துபோன மெழுகுவத்தி. திரியிலிருந்து நூல் போலப் புகை.

"எம்மக கனிஷ்கா வெளிநாட்டுல படிச்சப்ப வாங்கிட்டு வந்ததுங்க," என்றார் சுப்பாத்தாள். "மண்டையோட்டக் கூடப் பொறுத்துக்குவேன். சீக்காளி கண்ணு முன்னால அணைஞ்ச வெளக்கு வேண்டாமுங்க. நீங்க போர்டு எழுதறவரு. ஒரு சொட்டுச் சுடர் வெச்சு உடுங்களேன்."

"பாப்பாகிட்டக் கேக்க வேண்டாமுங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவா. அவ டவுனுக்குப் போயிருக்கற நேரம் பாத்துத்தான உங்களக் கூப்பிட்டேன்."

கதிரேசனுக்கு அந்த அம்மாவின் மனம் புரிந்தது. அவர் வீட்டிலும் விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை. குளிர வை என்பார்கள். வாயால் ஊத மாட்டார்கள், பூவால் திரியைத் தொடுவார்கள். ஒரு நல்ல காரியம்தானே என்று நினைத்துக்கொண்டு, மஞ்சளும் சிவப்பும் குழைத்துப் புகையின் மேல் சுடரை வைத்தார். ஐந்து நிமிட வேலை. சுப்பாத்தாளின் முகம் மலர்ந்தது. ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

புதுச் சட்டத்துக்கு ஆணி அடிக்கும்போது மெழுகு எரியும் வாசனை வந்தது.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை.

நான்கு மணிக்கு மகள் கனிஷ்கா வந்தாள். ஓவியத்தைப் பார்த்ததும் கைப்பை நழுவியது.

"யாருங்கண்ணா இதைப் பண்ணுனது?"

"நாந்தானுங்க பாப்பா."

"நாஞ்சொல்லித்தான் பண்ணுனாரு. அவரத் திட்டாத," என்றார் சுப்பாத்தாள்.

கனிஷ்கா திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, அந்த நாட்டுக்காரங்க இந்த மாதிரி படத்துல எதையும் சும்மா வரைய மாட்டாங்க. மண்டையோடுன்னா, எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். எலுமிச்சைன்னா, பாக்க அழகா இருக்கும், வாயில வெச்சாத்தான் புளிப்புத் தெரியும். அணைஞ்ச மெழுகுவத்தின்னா, ஒரு உசுரு இப்பத்தான் அடங்குச்சுன்னு அர்த்தம். ஒம்பது வயசு மகள் செத்தப்ப அப்பன் வரைஞ்சதும்மா இது. படத்துக்குப் பின்னால எழுதியிருக்குது."

"என்னன்னு?"

"இனி அவள் உறங்கட்டும்னு."

டர்பன்டைனில் துணியை நனைத்துச் சுடரைத் துடைத்தாள். சுடர் அழியவில்லை, துணியில் மஞ்சளும் ஒட்டவில்லை.

கரி ஒட்டியது.

துணி சூடாக இருந்தது.

அப்போதுதான் கதிரேசன் கவனித்தார். ஒரு சாண் இருந்த மெழுகுவத்தி, இப்போது மூன்று விரல் உயரம்தான்.

கட்டிலில் கந்தப்பனின் மூச்சு இழுத்தது. சுப்பாத்தாள் ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்தார். கனிஷ்கா டாக்டருக்குப் போன் செய்தாள். வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்றார்.

இரண்டு விரல்.

மெழுகு இறங்க இறங்க மூச்சும் குறைந்தது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

"பூ குடுங்கம்மா, குளிர வெச்சர்றேன்," என்றார் கதிரேசன் மெதுவாக.

"வேண்டாமுங்க." சுப்பாத்தாள் ஓவியத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அது அணைஞ்சா இவரும் போயிருவாருங்க."

ஒரு விரல்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஐந்து மாதமாக அந்த வீடு கேட்காத குரல்.

"சுப்பு. அந்தப் புள்ளைக்குக் கண்ணு கூசுதாம்."

சுப்பாத்தாள் கட்டில் பக்கம் திரும்பினார்.

"தூங்கற புள்ளைய எழுப்பிப்போட்டீங்க. எனக்காகப் பாக்காத. குளிர வெச்சு உடு."

சுப்பாத்தாள் அழுதபடி தலையிலிருந்து ஒரு மல்லிகையைக் கிள்ளினார். பூவைக் கதிரேசனிடம் நீட்டினார்.

கதிரேசன் ஓவியத்தின் அருகே குனிந்தார். கன்னத்தில் அனல் பட்டது. "தெரியாமச் செஞ்சுபோட்டேன் கண்ணு," என்று கிசுகிசுத்தார். "நீ தூங்கு." பூவைச் சுடரில் வைத்தார்.

விரல் நுனி சுட்டது.

கூடம் முழுக்கப் புகை வாசனை. கந்தப்பனின் மூச்சு நின்றது. சுப்பாத்தாள் கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு, நீளமாக, நிதானமாக, ஒரு மூச்சு வந்தது. அதன்பின் இன்னொன்று.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தூங்கறாருங்க, எழுப்பாதீங்க," என்று சொல்லிப் போனார்.

கீழே விழுந்திருக்கும் என்று கதிரேசன் பூவைத் தேடினார். தரையில் இல்லை. ஓவியத்தில், அணைந்த மெழுகுவத்தியின் காலடியில், வெள்ளையாக ஒரு மல்லிகை இருந்தது. எலுமிச்சை இருந்த இடம் காலி.

பழம், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. பாதி உரித்து, சுருள் தொங்க.

கந்தப்பன் கண் திறக்காமல் சொன்னார். "எனக்கில்ல. கதிரேசனுக்காம்."

அந்தப் பழத்தை எறியக் கதிரேசனுக்கு மனம் வரவில்லை. கடையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். இப்போது யாருக்கு எந்த உதவி செய்வதானாலும் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறார். அன்பானாலும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் அவர் கற்றுக்கொண்டார்.

இருபது நாளாகிறது. பழம் வாடவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் அதன் முன்னால் நின்று, "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று கேட்கிறார்.

பழத்தின் சுருள், இரவில் யாரோ இன்னும் கொஞ்சம் உரித்தது போல, நேற்றை விட ஒரு சுற்று நீண்டிருக்கிறது.