அர்த்தநாரி வாங்கிய வெப்ப அறை

செவ்வாய்க் கிரகத்துக் குகையூரில் எழுந்ததும் முதல் வேலை, மெய்காட்டியைத் துடைத்துக் காதுக்குள் செருகிக்கொள்வது. எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் அது உள்ளே ரீங்கரிக்கும். விருந்துக்குப் போனால் மட்டும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். சாப்பாட்டைப் புகழ்கிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது.

அர்த்தநாரிக்கு அந்தக் கருவி போதவில்லை. அவர் பிறவிச் சந்தேகக்காரர். யாராவது சிரித்துப் பேசினால், எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றே நினைப்பார்.

அவர் மனைவி பாவாயிக்குக் குகைக் குளிரில் இடுப்பு இறுகிப்போயிருந்தது. வீட்டிலேயே ஓர் அகச்சிவப்பு வெப்ப அறை வைத்தால் ராத்திரி கொஞ்சமாவது தூங்குவாள் என்றார் மருத்துவர். அர்த்தநாரியும் பல மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் சூடேற்றும் பலகை போலியாக இருக்குமோ என்று சந்தேகம். இன்னொன்றில், வியர்வையைத் திருடி விற்பார்களோ என்று சந்தேகம்.

"ஏனுங்க, நீங்க சந்தேகப்பட்டு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவனுங்க" என்றாள் பாவாயி, சுவரைப் பிடித்து எழுந்தபடி. அதற்கு மேல் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றே மறுபடி கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

முதல் கடையில் விற்பனை இயந்திரன் நின்றது. "இந்த அறையின் கதிர் தசையைச் சூடாக்கும். வலி சில மணி நேரம் அடங்கும். நோய் தீராது. கதவு லேசாகக் கிறீச்சிடும்" என்றது.

மெய்காட்டி வாயே திறக்கவில்லை. அர்த்தநாரிக்குச் சந்தேகம் தட்டியது. தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறது என்றால், சொல்லாமல் எத்தனை பெரிய குறையை வைத்திருக்கும்! விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

அடுத்த கடைக்காரர் குழந்தைவேலு, மனிதர்தான். "வாங்கண்ணா! உங்களையெல்லாம் ஏமாத்த முடியுமுங்களா?" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். காதுக்குள் ரீங்காரம். "ஒரே வாரத்துல அக்கா எந்திரிச்சு ஓடுவாங்க பாருங்க. ரத்தமே புதுசாயிருமுங்க. எங்கூட்லயும் இதேதானுங்க."

ரீங்காரம் காதைக் குடைந்தது. ஆனால் பாவாயி ஓடுவாள் என்று இதுவரை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அதை இன்னொரு தடவை கேட்க அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மெய்காட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"என்ன சொன்னீங்க, ஓடுவாளா?"

"பறப்பாங்கண்ணா!"

மறுபேச்சு இல்லாமல் வாங்கிவிட்டார்.

மறுநாள் பாவாயி அந்த அறைக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து போர்வை கேட்டாள்.

"சூடே வரலைங்களே."

"மெதுவாத்தான் வரும், புள்ள."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "வாங்கறப்ப மெய்காட்டி என்னங்க சொல்லுச்சு?"

"அது கெடக்குது!" என்று சீறினார் அர்த்தநாரி. "அதையும் எவனோ ஒரு கம்பெனிக்காரன்தான வித்தான்? அதைப் போயி எப்படி நம்பறது?"