மூன்று சிவப்பு ரிப்பன்கள்

காலை ஆறு மணிக்குப் பொற்கொடி ஸ்டோர் ரூமைத் திறந்தபோது சக்கரக் கட்டைகள் இரண்டையும் காணவில்லை. நிற்கிற விமானம் உருண்டுவிடாமல் டயருக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்கிற மஞ்சள் கட்டைகள். நான்கு நாளாக அவற்றுக்கு வேலையே கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய அந்தச் சின்ன விமான நிலையத்துக்கு வந்துபோனது ஒரே ஒரு விமானம்தான். பத்தொன்பது பேர் உட்காரலாம். மாலையில் சென்னையிலிருந்து வந்து, இரவு தங்கி, காலை ஏழு பத்துக்குத் திரும்பிப் போகும். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போனது. சென்னைக்குப் போய்ச் சேரவில்லை.

மார்கழிப் பனி அன்றைக்கு வழக்கத்தைவிடக் கெட்டியாக இறங்கியிருந்தது. அனல் மின் நிலையத்துப் புகையும் அதில் கலந்து தொண்டையைக் கமற வைத்தது. தூரத்தில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் ஓடுகிற உறுமல் மட்டும், பக்கத்து ஊரான வடக்குத்தில் பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாகக் கேட்டுப் பழகிப்போன உறுமல், பனிக்குள்ளிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கட்டைகள் இருந்தன. விமானம் நிற்கும் இடத்தில், மஞ்சள் கோட்டின் மேல், நடுவில் ஒரு டயருக்கு இடம் விட்டு, அவள் எப்படி வைப்பாளோ அப்படியே யாரோ வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்தாள். நனைந்திருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்துக் கையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், விரலெல்லாம் கறுப்பு.

தீயணைப்பு வண்டியின் டிரைவர் தங்கராசு வண்டிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கட்டைய நீங்களா கொண்டாந்து வச்சீங்க?"

"நான் ஏன் பாப்பா வைக்கறேன்? ராத்திரி பூரா வண்டியிலயே குந்திகினு நியூஸ் பாத்துகினு இருந்தேன். நாய்கூட அந்தப் பக்கம் போவல." ஒரு வாய் குடித்தார். "இன்னிக்கும் கடல்லதான் தேடப் போறாங்களாம். மரக்காணத்துக்குக் கெழக்கால. ஒரு துண்டு துணிகூட கெடைக்கல பாரு."

அவள் கட்டைகளை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பூட்டினாள். கடலில் தேடுகிறார்கள் என்று யாராவது சொன்னாலே நான்கு நாளாக அவள் அங்கே நிற்பதில்லை. ஏன் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விமானத்தின் வெளிப்புறத்தில் வேகத்தை அளக்க விரல் அளவில் மூன்று குழாய்கள் உண்டு. மூக்கில் இரண்டு, இடது இறக்கைக்கு அடியில் ஒன்று. நெய்வேலியில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போதும், குளவி வந்து மண்ணைப் பூசிக் கூடு கட்டிவிடும்; இல்லாவிட்டால் சாம்பல் படியும். அதனால் இரவில் மூன்றுக்கும் உறை மாட்டுவார்கள். ஒவ்வொரு உறையிலும் ஒரு முழச் சிவப்பு ரிப்பன் தொங்கும். காலையில் உறைகளைக் கழற்றி, விமானத்துக்கு எதிரே நின்று, மூன்று ரிப்பன்களையும் பைலட் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். பைலட் மூன்று விரலைக் காட்டிக் கேட்பார், இவள் ரிப்பனைக் காட்டுவாள், அவர் கட்டைவிரலை உயர்த்துவார். பேச்சே கிடையாது.

வெள்ளிக்கிழமை ஒரு பயணியின் பெட்டி கடைசி நேரத்தில் வந்தது. அதை ஏற்றிவிட்டு, மூக்கில் இருந்த இரண்டு உறைகளைக் கழற்றி நிமிர்வதற்குள் இடது இன்ஜினை ஓடவிட்டுவிட்டார் கேப்டன் பாலகுமார். காற்றாடி சுற்றினால் இறக்கைக்கு அடியில் போகக் கூடாது. நிறுத்தச் சொன்னால் பத்து நிமிடம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், எழுதினால் பெயர் வரும், பெயர் வந்தால் ஜனவரியில் பெர்மனன்ட் ஆக்குகிறேன் என்று மேனேஜர் சொன்னது சொன்னதோடு நின்றுபோகும். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விரல்கள் உயர்ந்தன. ரிப்பன் கிழிந்ததால் போன மாதம் மாற்றிய பழைய உறையை அவள் தைத்து ஜாக்கெட் பையில் வைத்திருந்தாள். எடுத்தாள். மூன்றையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள்.

இறக்கையை ஒட்டிய ஜன்னலில் மஞ்சள் ஹேர்பேண்ட் போட்ட ஒரு சின்னப் பெண் விரலை நீட்டியது. டாட்டா காட்டுகிறது என்று நினைத்துப் பொற்கொடி சிரித்தபடி கையை ஆட்டினாள். அது காட்டியது இறக்கைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த ரிப்பனை என்பது விமானம் பனிக்குள் போன பிறகுதான் உறைத்தது.

இறக்கைக் குழாய்தான் பைலட்டின் மீட்டருக்குப் போகிறது என்பதைச் சனிக்கிழமை போனில் தேடித் தெரிந்துகொண்டாள். பாலகுமார் கடைசியாகச் சொன்ன வேகத்தை வைத்துத்தான் கடலில் தேடுகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அந்த வேகமே பொய் என்றால், தேடுகிற இடமும் பொய். அவள் வாயைத் திறந்தால் தேடல் கரைக்குத் திரும்பும். எங்காவது யாராவது உயிரோடு கிடந்தால்? சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்பி வந்தாள். தினமும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

எட்டரைக்கு நிலைய மேனேஜர் சிவக்குமார் கூப்பிட்டார்.

"ஒன்பது மணிக்கு என்கொயரி டீம் வர்றாங்கம்மா. கவர் மூணும் இருக்குல்ல?"

"இருக்குங்க சார்."

"மூணையும் நீதான் கழட்டிக் கேப்டன்கிட்ட காட்டுன. அப்படித்தானே?"

இதுதான் சமயம். நாக்கு வரைக்கும் வந்தது.

"ஆமாங்க சார்."

அதையே எழுதிய காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

"எதுக்கு இப்படிப் பயப்படற? உன் மேல தப்பே இல்லன்னு நானே சொல்றேன்" என்றார் சிவக்குமார். நல்ல மனிதர். தப்பே இல்லை என்ற அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஸ்டோருக்கு வந்து ஆணியில் மாட்டியிருந்த மூன்று உறைகளையும் எடுத்துக்கொண்டாள். கீழே பார்த்தாள். பூட்டி வைத்த கட்டைகள் மறுபடியும் இல்லை.

இடுப்பில் வாக்கி டாக்கி இரண்டு முறை சொடுக்கியது. டக். டக்.

பாலகுமாரின் பழக்கம் அது. கிளம்பத் தயார் என்றால் பேச மாட்டார். பட்டனை இரண்டு முறை அழுத்துவார்.

வெளியே வந்தாள். மணி ஒன்பதாகப் போகிறது, பனி ஒரு இழைகூட விலகவில்லை. தரையில் ஈரமான டயர் தடம் ஒன்று ஓடுபாதைப் பக்கமிருந்து வந்திருந்தது. கறுப்புத் தடம். கால் அதன் மேலேயே நடந்தது. ஏதோ குறைந்தது. என்ன என்று யோசித்தாள். கன்வேயரின் உறுமல். அது இல்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக இல்லை.

சொட்டும் சத்தம் மட்டும்.

ஈர நிலக்கரி வாடை. பழைய சுரங்கப் பள்ளங்களில் வருடக்கணக்காகத் தேங்கிய தண்ணீரின் வாடை. அதோடு விமான எரிபொருள்.

பிறகு மூக்கு தெரிந்தது. வெள்ளை மூக்கு. அடுத்து இறக்கை. இடது காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

கட்டைகள் டயருக்கு இருபுறமும் இருந்தன.

கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. கறுப்பாக. ஜன்னல்களுக்கு உள்ளேயும் அதே தண்ணீர். மேல் விளிம்புவரை. அதற்குள் முகங்கள். கண்ணாடியோடு ஒட்டிய முகங்கள்.

கடல் தண்ணீர் இவ்வளவு கறுப்பாக இருக்காது. சுரங்கத்தில் கூலிக்குப் போன அப்பாவின் சட்டையை வருடக்கணக்காகத் துவைத்தவளுக்கு இந்தக் கறுப்பைத் தெரியும். இது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். பழைய சுரங்கப் பள்ளம் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்குமா? அதுகூட இருக்காது.

முன் கண்ணாடிக்குப் பின்னால் பாலகுமார். தண்ணீருக்குள். வலது கை மெதுவாக உயர்ந்தது.

மூன்று விரல்கள்.

இறக்கைக்கு அடியில் சிவப்பு ரிப்பன். சொட்டச் சொட்ட. அதற்கு மேலே ஜன்னல். மஞ்சள் ஹேர்பேண்ட். சின்ன விரல் ஒன்று ரிப்பனைக் காட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக மடக்காத விரல்.

இரண்டு உறையைக் காட்டினால் போதும். இரண்டுதான் என்று சொன்னால் போதும்.

"பொற்கொடி." பின்னால், பனிக்கு அப்பால், சிவக்குமார். "ஆபீசர்ஸ் வந்தாச்சும்மா. மூணு கவரையும் எடுத்துட்டு வா."

காலடிகள். நான்கைந்து பேர். பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அவள் கை உயர்ந்தது. பழகிய கை.

மூன்று ரிப்பன்கள்.

பாலகுமார் கட்டைவிரலை உயர்த்தினார்.

கட்டைகள் தாமாக விலகின. விமானம் அவளைப் பார்த்து நகர ஆரம்பித்தது. இறக்கை ஜன்னலில் அந்தச் சின்ன விரல் ரிப்பனை விட்டு மெதுவாகத் திரும்பி அவள் மேல் நின்றது. அடுத்த ஜன்னலில் இன்னொரு விரல். அதற்கடுத்த ஜன்னலிலும்.