சுண்டெலியை விற்ற நாள்

சுண்டெலியை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

சுண்டெலி என்பது மவ்லூதா வீட்டுக் கார். வாங்கும்போது வெள்ளையாகத்தான் இருந்தது. வெயிலும் தூசியும் பட்டுப் பட்டு இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மவ்லூதாவுக்குப் பத்து வயது. காருக்கு அவளை விட அதிகம். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆள் வெளியே தலையை நீட்டித்தான் மூச்சு விட வேண்டும்.

அந்த ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் போன குளிர்காலத்தில் வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு இரட்டைக் குழந்தைகள்! சித்தப்பா தன்னுடைய பழைய வேனைத் தருவதாகச் சொன்னார்.

"ஆனா அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சுண்டெலியை வித்துப் பணத்தோட வந்துடுங்க. இன்னொருத்தர் என்னை நச்சரிச்சுக்கிட்டே இருக்கார்" என்றார்.

வேன் ஜன்னல்களுக்குத் திரை தைக்க அம்மா பூப்போட்ட துணி வாங்கியாயிற்று. தம்பி அஸ்ரோர் எந்த ஜன்னல் தனக்கு என்பதையும் சொல்லிவிட்டான்.

மவ்லூதாவுக்கும் வேன் பிடித்திருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் அப்பா காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பார். டார்ச் பிடிப்பதும், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும் மவ்லூதாவின் வேலை. சுண்டெலியின் இருமல், தும்மல் எல்லாம் அவளுக்கு அத்துபடி.

ஆண்டிஜான் நகரக் கார்ச் சந்தை ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே களை கட்டிவிடும். வரிசை வரிசையாகக் கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. அப்பா சுண்டெலியைத் துடைத்து நிறுத்தினார். மவ்லூதா சூடான சம்சாவைக் கடித்தபடி பக்கத்துக் கார்க்காரர்கள் பேசுவதைக் கேட்டாள்.

"இந்த வண்டி ஒரு டாக்டரம்மா வச்சிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போவாங்க, அவ்வளவுதான்!"

"அட, இதுவும் ஒரு டாக்டரம்மா வண்டிதான்!"

ஊரில் இத்தனை டாக்டரம்மாக்களா என்று மவ்லூதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது தரகர் துர்சுன்பாய் வந்து சேர்ந்தார். வாங்குபவர் கையையும் விற்பவர் கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி, பேரத்தை முடித்து வைப்பது அவர் தொழில். இரண்டு பேரும் "சரி" என்று சொல்லும் வரை விடமாட்டார். தோள்பட்டை வலிக்கிறதே என்று சரி சொன்னவர்களும் உண்டாம்.

"ஹம்தம், நீ வாயைத் திறக்காதே. பேச்சை நான் பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னார் துர்சுன்பாய்.

"யாராவது கேட்டா சொல்லித்தானே ஆகணும்?" என்றார் அப்பா.

"கேட்டாத்தானே! கேக்கவே விடமாட்டேன்."

பத்து மணி வாக்கில் இளம் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். கணவர் பெயர் இல்ஹோம், மனைவி சுல்ஹுமோர். அவளுக்கு வயிறு பெரிதாக இருந்தது. நடந்து நடந்து களைத்துப் போயிருந்தாள்.

"அக்கா, உள்ள உக்காருங்க" என்று மவ்லூதா ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டாள். "எங்கேருந்து வர்றீங்க?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்க ஊரு. இன்னிக்கே கிளம்பணும்மா" என்றாள் சுல்ஹுமோர். "ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். குழந்தை பிறக்கறதுக்குள்ள ஒரு கார் இருந்தா தைரியமா இருக்கும்."

மவ்லூதா சம்சா கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

கணவாய்! ஊருக்குள் ஓட்டினால் சுண்டெலி சமர்த்து. ஆனால் கணவாய் ஏறினால் பாதி வழியில் கொதித்து, புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிடும். ரேடியேட்டர் பழசு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அது அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான வண்டி, தம்பி!" என்று ஆரம்பித்தார் துர்சுன்பாய். "ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போகலாம்!"

"கொஞ்சம் குறைச்சுக்கங்க அண்ணே" என்றார் இல்ஹோம்.

துர்சுன்பாய் சட்டென்று அவர் கையையும் அப்பாவின் கையையும் சேர்த்துப் பிடித்தார். குலுக்கத் தொடங்கினார். "நீ கொஞ்சம் ஏறு, நீ கொஞ்சம் இறங்கு! ஆங்! இன்னும் கொஞ்சம்! சரிதானே? சரின்னு சொல்லுங்க!"

சரி என்று சொன்னால் கார் கைமாறிவிடும். சொல்லாவிட்டால் வேன் போய்விடும். அம்மாவின் பூப்போட்ட துணி மவ்லூதாவின் கண்முன் வந்தது. அதோடு, மலைப்பாதையில் ஆவி விடும் காருக்குப் பக்கத்தில் சுல்ஹுமோர் அக்கா நிற்பதும் தெரிந்தது. மவ்லூதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி..." என்று இல்ஹோம் வாயெடுத்தார்.

மவ்லூதா பாய்ந்து போய், குலுங்கிக்கொண்டிருந்த அந்தக் கைகளின் மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். குலுக்கல் நின்றுவிட்டது.

"ஏய் பாப்பா, இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் துர்சுன்பாய்.

"அண்ணா, எங்க சுண்டெலி கணவாய் ஏறினா கொதிக்கும்!" மவ்லூதா மூச்சு விடாமல் சொன்னாள். "ஆனா கொதிக்காம கொண்டுபோக முடியும். ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹீட்டரை முழுசா வச்சுடணும். வெயில் காலமா இருந்தாலும் வைக்கணும். இன்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும். ஜன்னலை எல்லாம் திறந்துக்கங்க. பாதி வழியில ஊத்து வரும், அங்க நிறுத்தி ஆற விடுங்க. மூடியை மட்டும் சூட்டோட திறந்துடாதீங்க!"

இல்ஹோம் மெல்லத் தன் கையை உருவிக்கொண்டார்.

"போச்சு!" என்று துர்சுன்பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பழம் நழுவிப் பால்ல விழப் போற நேரத்துல தட்டி விட்டுட்டியே!"

மவ்லூதா அப்பாவை நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள். அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைத்தார்.

"என் மக சொன்னது நிஜம்" என்றார் இல்ஹோமிடம். "நானே சொல்லியிருக்கணும். இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. இடது பக்கம் பின்கதவு வெளியிலேருந்துதான் திறக்கும். அப்புறம், இடது பக்கம் திரும்பினா ஹார்ன் தானா அடிக்கும்."

"தானாவா?"

"எப்பவும் இல்ல. அதுக்குத் தோணினா அடிக்கும்."

"ஹம்தம், உனக்கு விக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று துர்சுன்பாய் அலறினார்.

அப்போது காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சுல்ஹுமோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, இதையே வாங்கிடலாம்" என்றாள்.

"கொதிக்கும்னு சொல்றாங்களே!"

"காலையிலேருந்து எத்தனை கார் பாத்தோம்? ஒண்ணுலயாவது ஒரு குறை இருந்ததா? எல்லாம் டாக்டரம்மா வண்டி! எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான். எது எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? இது எங்க நிக்கும்னு தெரிஞ்சுபோச்சு. நிக்காம இருக்க வழியும் தெரிஞ்சுபோச்சு."

இல்ஹோம் காரைப் பார்த்தார், மவ்லூதாவைப் பார்த்தார். பிறகு அவராகவே அப்பாவிடம் கையை நீட்டினார். "சரி!" என்றார். அப்பாவும் "சரி" என்றார்.

குலுக்க வேலை இல்லாமல் துர்சுன்பாய் வெறும் கையோடு நின்றார். "என் வாழ்க்கையில இப்படி ஒரு பேரத்தைப் பாத்ததே இல்ல" என்று முணுமுணுத்தார். ஆனாலும் தன் தரகை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இல்ஹோம் ஓட்ட, மவ்லூதா பக்கத்தில் உட்கார்ந்து சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எண்ணெய் எப்போது பார்க்க வேண்டும், குளிரில் எப்படிக் கிளப்ப வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இடது பக்கம் திரும்பும் இடத்தில் ஹார்ன் அலறியது. துர்சுன்பாய் துள்ளிக் குதித்து வழிவிட்டார்.

காரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவளுக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. அப்பா பேருந்தில் ஜன்னல் ஓர இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் வேன் வீட்டு வாசலில் நின்றது. ஆனால் மவ்லூதாவுக்கு அதில் ஏறிப் பார்க்கவே தோன்றவில்லை. "கணவாய் ஏறியிருப்பாங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. அவர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போனை அவளிடமே நீட்டினார்.

"மவ்லூதா, நான் சுல்ஹுமோர் அக்கா பேசறேன்! கணவாய் தாண்டி வீட்டுக்கு வந்துட்டோம்!"

"கொதிச்சுதாக்கா?"

"கார் கொதிக்கவே இல்ல. ஹீட்டரைப் போட்டு நாங்க ரெண்டு பேரும்தான் நல்லா வெந்துட்டோம்!"

மவ்லூதா சிரித்த சிரிப்பில் இரட்டைக் குழந்தைகள் இரண்டும் விழித்துக்கொண்டு ஒன்றாக அழ ஆரம்பித்தன. அன்றைக்கு அவளை யாருமே திட்டவில்லை.